முழங்காலின் மேல் விழுந்த பழி

இருபத்திரண்டு வருஷமாகச் செத்தவர்களோடு குப்பை கொட்டிக்கொண்டிருந்தாள் அனாட்டமி மேடம். மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு மனித உடம்பைத் திறந்து காட்டி, இது நரம்பு, இது ரத்தக்குழாய், இது தசை என்று சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அவளும் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர்தான். ஆனால் உயிரோடிருக்கும் ஓர் ஆளின் நாடியைப் பிடித்து இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. அதனால் வீட்டில் யாரும் அவளை டாக்டர் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டில் டாக்டர் என்றால் அது கொழுந்தன்தான். எலும்பு டாக்டர், முழங்கால் மூட்டு மாற்றுவதில் கைராசிக்காரன் என்று பெயர் வாங்கியவன். சொந்தபந்தத்தில் யாருக்குக் குதிகால் வலித்தாலும் எக்ஸ்ரே கவரைத் தூக்கிக்கொண்டு அவனிடம்தான் ஓடுவார்கள். அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தக் குடும்பத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நாலு பேர் கூடினால் போதும், அவனிடம் ஒரே ஒரு ஜோக் இருந்தது, அதை எடுத்துவிடுவான். “அண்ணி கொடுத்து வெச்சவங்க. அவங்க பேஷன்ட் ஒருத்தராவது எழுந்து வந்து குறை சொல்லியிருக்காங்களா?” எல்லோரும் சிரிப்பார்கள். மேடமும் சிரிப்பாள். ஒரே ஜோக்குக்கு ஐம்பதாவது தடவை சிரிக்கத் தனிப் பொறுமை வேண்டும், அது அவளிடம் இருந்தது.

மாமியாருக்கு எழுபத்தாறு வயது. போன வருஷம் வந்த ஒரு காய்ச்சலில் பன்னிரண்டு கிலோ இறங்கி எலும்பும் தோலுமாகிவிட்டார். உடம்புதான் இளைத்ததே தவிர வாய் இளைக்கவில்லை. வியாழக்கிழமை அவருக்கு வலது முழங்காலில் வலி வந்தது. டாக்டர் மகன் உடனே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மூட்டு தேய்ந்திருக்கிறது என்றான். தேயாமல் என்ன செய்யும்? எழுபத்தாறு வருஷம் நடந்த மூட்டு துளிரா விடும்? தன் ஆஸ்பத்திரியிலேயே மூன்றாம் மாடியில் ஓர் அறை போட்டு, வலி ஊசி போட்டு, கால் அசையாமல் நீட்டியபடியே இருக்கட்டும் என்று தொடை முதல் கணுக்கால் வரை ஒரு பட்டையையும் மாட்டிவிட்டான். அடுத்த வாரம் மூட்டு மாற்று ஆபரேஷன் என்று நாளும் குறித்தாயிற்று. வெள்ளிக்கிழமை அவர் வாந்தி எடுத்தார். வலி மருந்து வயிற்றைப் புரட்டுகிறது என்று சொல்லி டூட்டி டாக்டர் அதற்கு ஒரு மருந்து எழுதினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லப்பட்டது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ராத்திரி துணைக்கு இருந்த தன் கணவரை வீட்டுக்கு அனுப்ப மேடம் வந்தாள். அவர் நல்ல மனுஷர். ஆனால் கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்ந்துவிடுவார்.

“தம்பி வந்து பார்த்தான். நல்லா தேறிட்டு வர்றாங்களாம்,” என்றார்.

“வாந்தி நின்னுச்சா?”

“விடிஞ்சதிலிருந்து மூணு தரம்.”

“இதுதான் தேறுற லட்சணமா?”

“அதுவும் சரிதான்,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மாமியார் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வலது காலை மடக்கி, தொடையை வயிற்றோடு சேர்த்து, இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்திருந்தார். மகன் மாட்டிவிட்ட பட்டை கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

“அத்தை, இதை ஏன் கழட்டினீங்க?”

“மெதுவா பேசு, உன் கொழுந்தன் காதுல விழுந்தா கத்துவான். அதை மாட்டினா உயிர் போகுதும்மா. இப்படிக் குறுக்கிக்கிட்டாத்தான் மூச்சே விட முடியுது.”

அந்த நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே வந்தாள். “காலை நீட்டி வைக்கணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?” என்று செல்லமாக அதட்டி, முழங்காலுக்கு அடியில் கை கொடுத்துத் தொடையை மெத்தையில் இறக்கினாள். மாமியார் போட்ட அலறலில் வராந்தாவில் தண்ணீர் வண்டி தள்ளிக்கொண்டு போனவர் நின்றுவிட்டார்.

“முழங்கால் வலி அப்படித்தான் இருக்கும் மேடம்,” என்றாள் நர்ஸ்.

மேடம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முழங்கால் மடங்கியது மடங்கியபடியே இருந்தது, அதை யாரும் அசைக்கவே இல்லை. தொடை இறங்கியபோதுதான் அலறல் வந்தது.

“சிஸ்டர், விட்டுடுங்க. பட்டை வேண்டாம்.” குனிந்து மாமியார் முகத்தருகே போனாள். “அத்தை, எங்க வலிக்குது? வாயால சொல்லாதீங்க. ஒரே ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க.”

கிழவி சுட்டுவிரலைத் தூக்கினார். அது முழங்காலுக்குப் போகவில்லை. அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் ஆரம்பித்து, தொடையின் உள்பக்கமாகவே இறங்கி, முழங்காலின் உள் ஓரத்தில் வந்து நின்றது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது.

“இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“எவன் கேட்டான்? வர்றவன் எல்லாம் முழங்கால் வலி எப்படி இருக்கு, முழங்கால் வலி எப்படி இருக்குன்னான். முழங்கால் வலியைக் கேட்டா முழங்கால் வலியைத்தானே சொல்ல முடியும்?”

அந்தக் கோடு மேடத்துக்குத் தெரிந்த கோடு. நம் இடுப்பெலும்பில், தொடைக்கு மேலே, இரண்டு பக்கமும் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அதை ஒரு சவ்வு மூடியிருக்கும். மேல் மூலையில் மட்டும் சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அந்தச் சந்து வழியாக ஆப்டுரேட்டர் என்று ஒரு நரம்பு வயிற்றிலிருந்து தொடைக்கு இறங்குகிறது. தொடையின் உள்பக்கத் தசைக்கும் தோலுக்கும் அதுதான் நரம்பு. போகிற போக்கில் முழங்கால் மூட்டுக்கும் ஒரு கிளையைக் கொடுத்துவிட்டுப் போகும். வருஷா வருஷம் ஒவ்வொரு மாணவனையும் அந்தச் சந்தில் விரல் வைக்கச் சொல்லாமல் அவள் விட்டதில்லை. சாதாரணமாக அங்கே கொஞ்சம் கொழுப்பு அடைத்துக்கொண்டிருக்கும். ஆள் இளைத்தால் அந்தக் கொழுப்பும் கரையும். அப்போது குடல் ஒரு மடிப்பு அதற்குள் நழுவி மாட்டிக்கொண்டால், அது நரம்பை நசுக்கும், நரம்பு முழங்காலில் வலிக்கிறது என்று பொய்ச் சாட்சி சொல்லும். மாட்டிய இடம் தசைக்கு அடியில் ஆழத்தில் இருப்பதால் வெளியே ஒரு வீக்கமும் தெரியாது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பது இதுதான்.

“வாயு பிரிஞ்சுதா அத்தை? வெளிக்குப் போனீங்களா?”

“வியாழக்கிழமையிலிருந்து ஒண்ணும் கிடையாது.”

போர்வையை விலக்கிப் பார்த்தாள். அந்த ஒட்டிய உடம்பில் வயிறு மட்டும் உப்பியிருந்தது. பேசினில் கிடந்த வாந்தி பச்சையாக இருந்தது. குடல் அடைபட்டிருக்கிறது. மாட்டிய குடலுக்கு ரத்தம் போகாது, ரத்தம் போகாத குடல் அழுகும், அழுகினால் இந்த உடம்பு தாங்காது. வியாழன், வெள்ளி, சனி. கணக்குப் போட்டாள், மூன்றாவது நாள் ஆயிற்று.

இன்னொரு பயமும் இருந்தது, அதை மறைப்பானேன். தப்பாகிப் போனால்? இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு ஓர் உயிருள்ள ஆளைத் தொட்டு, அதுவும் கைராசிக்கார மகன் பார்க்கும் நோயாளியைத் தொட்டு, தப்பாகச் சொல்லிவிட்டால் சாகும்வரை அந்த ஜோக்குக்கு வால் முளைத்துக்கொண்டே போகும். போகட்டும் என்று போனை எடுத்தாள்.

எலும்பு டாக்டர் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் மாடியேறி வந்தான். கேட்டான். பொறுமையாகத்தான் சிரித்தான்.

“அண்ணி, இதெல்லாம் புத்தகத்துல வர்ற கேஸ். பதினெட்டு வருஷ பிராக்டிஸ்ல நான் ஒண்ணு கூடப் பார்த்ததில்ல.”

“பார்த்ததில்லையா, தேடினதில்லையா?”

சிரிப்பு நின்றது. “எக்ஸ்ரேல தேய்மானம் தெளிவா தெரியுது. நான் என் அம்மாவை அப்படி அலட்சியமா பார்ப்பேனா?”

“அலட்சியம்னு நான் சொல்லல தம்பி. நீ முழங்காலைப் பார்த்தே. முழங்கால்ல தேய்மானம் இருந்துச்சு, அதோட நின்னுட்டே. உன் கோட்டுப் பாக்கெட்ல சுத்தி இருக்கு இல்ல? அதைக் கொடு.”

ரப்பர் தலை வைத்த சின்னச் சுத்தி. வேண்டாவெறுப்பாகக் கொடுத்தான். நடந்ததை வாசலில் நின்ற நர்ஸ் பிறகு மாடி மாடியாகப் போய்ச் சொன்னாள், அதனால் இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

மேடம் முதலில் மாமியாரின் வலது முழங்காலுக்குக் கீழே தட்டினாள். கால் உதறியது. “இது வேற நரம்பு. நல்லா இருக்கு,” என்றாள். அடுத்து இடது தொடை. முழங்காலுக்கு நாலு விரல் மேலே, உள்பக்கத் தசை மேல் தன் விரலை வைத்து, அந்த விரல் மேல் தட்டினாள். தொடை சட்டென்று உள்பக்கமாகத் துள்ளியது. “இதுதான் நான் சொல்ற நரம்பு, இடது பக்கம்.” பிறகு வலது தொடையில் அதே இடத்தில் தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள். மரக்கட்டையில் தட்டிய மாதிரி கிடந்தது.

“நீயே தட்டிப் பாரு.”

அவன் தட்டினான். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. முழங்காலில் தட்டினால் கால் உதறுகிறது, உள்தொடையில் தட்டினால் ஊமை. அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது.

“முழங்கால்தான் கோளாறுன்னா இந்தத் தசை ஏன் வாயை மூடிக்கணும்?” என்றாள் மேடம்.

“அண்ணி… அந்தப் பட்டையை நான்தான் மாட்டினேன். நீட்டி வெச்சா நரம்பு இன்னும் நசுங்கியிருக்கும்…”

“அழறதுக்கு அப்புறம் நேரம் ஒதுக்கலாம். இப்ப ஸ்கேனுக்கு எழுது.”

“உங்க வைத்தியம் எல்லாம் முடிஞ்சுதா,” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது, “இல்ல என் இன்னொரு காலையும் தட்டணுமா?”

கீழ்த்தளத்து ஸ்கேன் அறையில் இன்னொரு முட்டுக்கட்டை காத்திருந்தது. சீட்டில் அவசரத்தில் ‘வயிறு’ என்று மட்டும் எழுதியிருந்தான் எலும்பு டாக்டர். மிஷினை இயக்குகிறவர் சட்டதிட்டமான ஆள். “வயிறுன்னா இடுப்பெலும்பு மேல் விளிம்போட நிறுத்திடுவோம் மேடம். அதுதான் எங்க முறை,” என்றார். இன்னும் ஒரு சாண் கீழே போகாவிட்டால் சிக்கிய இடம் படத்திலேயே வராது. வயிற்றில் காற்று அடைத்திருக்கிறது, இரண்டு நாள் பார்க்கலாம் என்று ரிப்போர்ட் வரும், அந்த இரண்டு நாளில் எல்லாம் முடிந்திருக்கும். மேடம் பேனாவைப் பிடுங்கி, சீட்டில் ‘வயிறு’ என்பதற்குப் பக்கத்தில் ‘தொடையின் பாதி வரை’ என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் என்று தன் பெயருக்கு முன்னால் எழுதி எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

படங்கள் திரையில் ஒவ்வொன்றாக இறங்கின. ஊதிய குடல், ஊதிய குடல், இடுப்பெலும்பு. கடைசிப் படங்களில், வலது பக்கம், இரண்டு தசைகளுக்கு நடுவில், இருக்கவே கூடாத இடத்தில், ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் குடல் உட்கார்ந்திருந்தது. ஸ்கேன் டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். “இதை யார் கண்டுபிடிச்சது?” என்று கேட்டார். எலும்பு டாக்டர், “எங்க அண்ணி,” என்றான்.

சர்ஜன் அரை மணியில் வந்தார். நரைத்த மீசை, கறாரான பேச்சு. “குடல் உயிரோட இருந்தா வெளியே எடுத்து, சந்தை அடைச்சுட்டு வந்துடலாம். கறுத்துப் போயிருந்தா வெட்டி ஒட்டணும். இந்த வயசு, இந்த எடை… வெட்டினா நான் உத்தரவாதம் தர மாட்டேன்,” என்றார். பிறகு மேடம் பக்கம் திரும்பினார். “நீங்க உள்ள வாங்க. அந்தச் சந்துக்குள்ள நான் வாழ்க்கையில ரெண்டு தரம்தான் போயிருக்கேன். நீங்க தினம் போறவங்க.”

ஆகவே பதினொரு மணிக்கு மேடம் பச்சை உடுப்பும் முகமூடியுமாக ஆபரேஷன் மேஜை பக்கத்தில் நின்றாள். அவள் அறிந்த உடம்புகள் குளிர்ந்தவை, மருந்து வாடை அடிப்பவை, கேட்ட கேள்விக்கு அசையாதவை. இங்கே எல்லாம் துடித்தது, மின்னியது, ரத்தம் கசிந்தது. ஒரு கணம் எதுவும் பிடிபடாமல் திகைத்துப்போனாள். பிறகு இடுப்பெலும்பின் விளிம்பு தெரிந்தது. அதைக் கண்டதும் சொந்தத் தெருவுக்குள் வந்துவிட்ட தைரியம் வந்தது.

குடல் சந்துக்குள் கழுத்து நெரிந்தபடி மாட்டியிருந்தது. சர்ஜன் மெல்ல இழுத்தார், வரவில்லை. “வாயை அகலப்படுத்தணும். மேல் பக்கம் கொஞ்சம் வெட்டிடறேன்,” என்று கத்தியைக் கேட்டார்.

“மேல வேண்டாம்!”

அறையே திரும்பிப் பார்த்தது.

“மேல் விளிம்புல சில பேருக்கு எலும்புக்குக் குறுக்கே ஒரு ரத்தக்குழாய் ஓடும். புத்தகத்துல சின்ன எழுத்துல போட்டிருப்பான். ஆனா நான் திறந்த உடம்புகள்ல மூணுக்கு ஒண்ணுல பார்த்திருக்கேன். தடவிப் பாருங்க. நரம்பு வெளிப்பக்கம் இருக்கு. கீழே, உள்பக்கமா வெட்டுங்க. அங்க ஒண்ணும் கிடையாது.”

சர்ஜன் விரலை விட்டுத் தடவினார். அவர் கண்கள் முகமூடிக்கு மேலே பெரிதாயின. “இருக்கு,” என்றார். “தீக்குச்சி தடிமன். துடிக்குது.” கத்தியைக் கீழே, உள்பக்கமாகத் திருப்பினார். ஒரு சின்ன வெட்டு. ஒரு சொட்டு ரத்தம். குடல் தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

அது கறுத்திருந்தது. ஒரு கட்டைவிரல் நீளத்துக்கு, கத்தரிக்காய்த் தோல் மாதிரி, மினுமினுப்பே இல்லாமல் கிடந்தது.

“சூடான உப்புத்தண்ணித் துணி,” என்றார் சர்ஜன். அதில் குடலைப் பொத்தி வைத்தார். “பத்து நிமிஷம் பார்ப்போம். நிறம் திரும்பலைன்னா வெட்டறேன்.”

பத்து நிமிஷம். மேடம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன் கல்யாணமாகி வந்த புதிதில், பரீட்சைக்குப் படிக்கட்டும் என்று அவள் அறைக்கதவைச் சாத்திவிட்டு, வீடு தேடி வந்தவர்களை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பிய மாமியார் இவர். வாய் நீளம்தான். ஆனால் அந்த வாய் இல்லாத வீட்டில் இருக்க முடியுமா? மயக்க மருந்து டாக்டர் இருமினார்.

சர்ஜன் துணியை விலக்கினார். கறுப்பு, ஊதாவாக ஆகியிருந்தது. மூடினார். மறுபடி விலக்கினார். ஓரத்தில் சிவப்பு ஏறியிருந்தது. இன்னொரு சூடான துணி. மூன்றாவது தடவை விலக்கியபோது அது பக்கத்துக் குடலைப் போலவே இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தில் ஒரு சின்ன நெளிவு கிளம்பி, மெதுவாக, ஒரு புழு ஊர்கிற மாதிரி ஊர்ந்து, செத்ததாக நினைத்த இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனது.

“போகுது! போகுது பாருங்க!” என்று கத்திவிட்டாள் மேடம். ஆபரேஷன் தியேட்டரில் யாரும் கத்தக் கூடாது. யாரும் அவளை அடக்கவில்லை, சர்ஜனே சிரித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக எத்தனை குடலைக் கையில் எடுத்திருக்கிறாள்! ஒன்றுகூட அவளுக்காக நகர்ந்ததில்லை. முகமூடிக்குள் கண்ணீர் வழிந்து உதட்டில் கரித்தது. அவள் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

தையல் முடிந்து வெளியே வந்தபோது பெஞ்சில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, “வெட்ட வேண்டியதில்லை. குடல் நகருது,” என்றாள். கணவருக்கு அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று புரியவில்லை, தம்பி முகத்தைப் பார்த்தார். தம்பி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். அதிலிருந்து நல்ல சேதிதான் என்று புரிந்துகொண்டு அவரும் அழ ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து எலும்பு டாக்டர் எழுந்தான். கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தான். வராந்தாவில் அவனுடைய நர்சுகள், அவனுக்காகக் காத்திருந்த நோயாளிகள், தண்ணீர் வண்டிக்காரர் என்று ஒரு கூட்டமே நின்றது. அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

“அண்ணி, திங்கட்கிழமை நாலு பேருக்கு மூட்டு மாத்த நாள் கொடுத்திருக்கேன். நாலு பேரையும் நான் எக்ஸ்ரேலதான் பார்த்தேன். மறுபடி முதல்லேருந்து கையால தொட்டுப் பார்க்கணும். நீங்க வந்து கூட நிக்கிறீங்களா?”

திருப்பிச் சொல்ல அவளிடம் என்னென்னவோ இருந்தது, இருபத்திரண்டு வருஷத்து இருப்பு.

“எத்தனை மணிக்கு?” என்றாள்.